புகை கேட்டவர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் மலை ரயிலைத் தேடி வருகின்ற மக்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ரயிலில் ஏறுவதற்காக வருபவர்கள் ஒரு வகை. ரயிலிலிருந்து இறங்கி, தள்ளி நின்று, அதைப் பார்ப்பதற்காக வருபவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரை நாம் எல்லோரும் அறிவோம். மேட்டுப்பாளையத்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து, ஹில்குரோவில் குரங்குக்கு அஞ்சி பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள் ஒளித்து, குகை வந்ததும் 'ஓ'வென்று கத்தி, உதகையில் இறங்கி வர்க்கி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் அன்பர்கள் அவர்கள். அவர்கள் வாழ்க! அவர்களால்தான் வண்டி ஓடுகிறது.

இரண்டாம் வகையினர் தொகையில் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், பத்து இருபது பேராக வருவார்கள். குகையில் கத்தமாட்டார்கள். எஞ்சினின் ஐந்து இலக்க எண்ணைப் பார்த்தவுடன் அது எந்த ஆண்டு, எந்த ஊரில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள். வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே முக்காலியை ஊன்றி, கேமராவைப் பொருத்தி, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்பார்கள். குன்னூரில் எங்கள் வீட்டில் இவர்களுக்கு 'ஸ்டீம்காரங்க' என்று பெயர். பெயர் வைத்தவர் என் அம்மா.

என் தந்தை இந்தப் பாதையில் பயர்மேன். பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, லோகோ ஷெட்டில் கலாசியாகச் சேர்ந்து, எஞ்சினைத் துடைப்பதில் தொடங்கி அடுப்புக்கு வந்தவர். எங்கள் வமிசத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இவ்விரண்டு செய்திகளையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது இவ்விரண்டுக்கும் நடுவில் நடந்த ஒன்றைப் பற்றி.

முதலில் இந்த ரயிலைப் பற்றிச் சிறிது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1908இல் அது உதகை வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் எழும்புகிறது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் அத்தகைய ஏற்றத்தைப் பிடித்து ஏற முடியாது. உராய்வு போதாது என்பதை முதலாண்டு மாணவரும் கணக்குப் போட்டுக் காட்டுவார். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரட்டைச் சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு அது. இரு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேராக இரா. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும் என்பது அதன் சூட்சுமம்.

எஞ்சின்கள் சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூர் நகரில் வார்க்கப்பட்ட 'எக்ஸ்' வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு சிலிண்டர்கள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் கீழிரண்டு சிலிண்டர்களில் புகுந்து சாதாரணச் சக்கரங்களை உருட்டுகிறது. உழைத்துக் களைத்த அதே நீராவி, மலை ஏறும்போது மட்டும், மேலிரண்டு சிலிண்டர்களுக்குப் போய் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே கூலிக்கு இரண்டு வேலை! இதை என் தந்தையிடம் ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னேன். "ஏன், எஞ்சினுக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சியா?" என்றார். வண்டியை எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்புறத்திலிருந்து மேலே தள்ளுகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி அசைத்துச் சொல்ல வேண்டும். ஆகவே இது ஒரு எஞ்சின் ஓட்டுகிற வண்டி அல்ல. ஐந்தாறு மனிதர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி.

2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் மலை ரயில் நமக்கு முன்னே, 1999இல், அந்தச் சிறப்பைப் பெற்றது; கால்கா–சிம்லா பாதை நமக்குப் பின்னே, 2008இல். நான் பிறந்ததும் 2005தான். வீட்டில் யார் சிறப்பாக வளர்க்கப்பட்டார்கள் என்பது பற்றி எனக்கும் என் அம்மாவுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை.

இங்கே ஒரு சிறு விளக்கம். ஸ்டீம்காரர்கள் நம் பாதையைக் குறுகிய பாதை என்பார்கள். நம் ரயில்வே ஊழியர்களிடம் அப்படிச் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். உலக வழக்கில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,435 மில்லிமீட்டர் இருப்பது அளவுப் பாதை. அதற்குக் குறைந்த எல்லாமே குறுகியவை. நம் நாட்டு வழக்கோ வேறு. 1,000 மில்லிமீட்டர் கொண்ட நம்முடையது 'மீட்டர் கேஜ்'. 762, 610 மில்லிமீட்டர் கொண்டவையே 'நேரோ கேஜ்'. டார்ஜிலிங் வண்டி இந்த 610 வகை. இரு தரப்பாரும் ஒரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வேறு வேறு பெயர் சொல்கிறார்கள். பின்னால் நான் சொல்லப்போகும் விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சென்ற ஜனவரியில் அத்தகைய குழு ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. குன்னூரிலிருந்து உதகைக்கு இப்போது வழக்கமாக டீசல் எஞ்சின்தான் போகிறது. அவர்கள் அந்தத் தடத்துக்கு நீராவி எஞ்சினுடன் தனி வண்டியையே வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். முக்காலி சுமக்கவும், மொழிபெயர்க்கவும் உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டது. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுமே என்று நான் சேர்ந்துகொண்டேன். அன்று எஞ்சினில் அடுப்புப் பார்க்க வந்தவர் என் தந்தை என்பது தற்செயலாக அமைந்தது.

அவர்களுடைய நிகழ்ச்சி நம் ஊர்ச் சுற்றுலா போன்றதன்று. வண்டி ஓர் அழகான வளைவில் நிற்கும். எல்லோரும் இறங்கி, ரயில்வே ஊழியர் காட்டுகின்ற இடத்தில் வரிசையாக நின்றுகொள்வார்கள். காலி வண்டி பின்னோக்கிச் சென்று மறையும். பிறகு, யாருமே இல்லாத மலையில் தன்பாட்டுக்கு ஓடி வருவதைப் போல, விசில் ஊதிக்கொண்டு அவர்களைக் கடந்து செல்லும். இருபது கேமராக்களும் ஒரே நேரத்தில் சடசடக்கும். வண்டி நின்று திரும்பி வர, மீண்டும் ஏறுவார்கள். மறுபடியும் அடுத்த வளைவு, மறுபடியும் அதே கூத்து. நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது போலத்தான். சிலர் படமே எடுப்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவியைப் புல்லில் வைத்துவிட்டு, யாராவது இருமினால் முறைப்பார்கள். யாராவது சட்டத்துக்குள் தலையை நீட்டிவிட்டால் எழும் கூச்சல் இருக்கிறதே, அது மொழிபெயர்க்கத் தேவையில்லாதது!

கேத்தியைச் சுற்றிய பகுதியில் அவர்கள் அதிக நேரம் செலவிட்டார்கள். கேத்தி நிலையம் 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட இடம் என்று நான் பெருமையோடு சொன்னேன். 1982இல் வந்த அந்தப் படத்தின் அருமை அவர்களுக்கு எப்படித் தெரியும்? "அன்று வந்த எஞ்சினின் எண் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நாயகனின் கண்ணீரை விட்டுவிட்டு எண்ணைக் கேட்கும் ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

காலைக் குளிரில் எஞ்சின் வெள்ளை வெளேரென்று மூச்சு விட்டது. அதை எல்லோரும் நீராவி என்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குப் புலப்படாதது. புகைபோக்கியின் வாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒன்றுமே தெரியாத வெற்றிடம் போல ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதுதான் நீராவி. அதற்கு மேல் நாம் பார்க்கும் வெண்மேகம், குளிர்ந்த காற்றுப் பட்டு நுண்துளிகளாக மாறிய தண்ணீர். காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியான மேகம். ஸ்டீம்காரர்கள் பனி மாதத்தில் வந்து, விடியற்காலையில் எழுந்து நடுங்குவதற்குக் காரணம் இதுவே. வகுப்பில் பனிநிலை பற்றிப் படித்தபோது எனக்கு உறைக்காதது, கேத்தி வளைவில் ஒரே பார்வையில் உறைத்தது.

மணி பத்தானது. வெயில் ஏறியது. வெண்மேகம் மெலிந்தது. அப்போதுதான் குழுவின் தலைவர் என்னிடம் வந்து, "அடுத்த ஓட்டத்துக்குக் கொஞ்சம் கரும்புகை வேண்டும், எஞ்சின்காரரிடம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நான் போய்ச் சொன்னேன்.

என் தந்தையின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவனைப் பார்த்து, 'நாளைக்குக் கொஞ்சம் தப்பாக எழுதிக் காட்டு' என்று சொன்னால் அவன் முகம் எப்படிப் போகுமோ அப்படி.

"நல்லா எரியற அடுப்புல எங்கருந்துடா புகை வரும்?" என்றார்.

இதை நான் விளக்கியாக வேண்டும். கரும்புகை என்பது எரியாத கரி. எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைத்தால் அது முழுமையாக எரிந்து வெப்பமாகிறது. புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறச் சாயல் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டினால் எரியாத கரித்துகள் மேலே போகிறது. போகிற வழியில் கொதிகலனின் குழாய்களுக்குள் படிந்தும் விடுகிறது. புகைக்கரி வெப்பத்தைக் கடத்தாது. அது படிந்த குழாய் தண்ணீரைச் சரியாகச் சூடாக்காது. ஆக, கரும்புகை என்பது எரிபொருள் வீண், குழாய் அழுக்கு, அழுத்தம் குறைவு, மூன்றும் சேர்ந்தது. என் தந்தை ஷெட்டில் சேர்ந்த காலத்தில் நிலக்கரி எஞ்சின்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் தலையை வெளியே நீட்டிப் புகைபோக்கியைப் பார்ப்பாராம். கறுப்பாக இருந்தால் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வருமாம். பிறகு எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 தொடங்கிப் புதிதாகக் கட்டி அனுப்பிய நான்கு எஞ்சின்களும் எண்ணெயில் எரிபவை. 2021இல் அங்கேயே நிலக்கரியில் எரியும் எஞ்சின் ஒன்றும் உருவானது. கரியோ, எண்ணெயோ, பயர்மேனின் பரீட்சைத் தாள் புகைபோக்கிதான். அது சுத்தமாக இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் புகை வராமல் எரிக்கக் கற்ற ஒரு மனிதரிடம்தான் அவர்கள் புகை கேட்டார்கள்.

கொடுத்தார். வாடகை கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், டிரைவரும் 'சரி, போடுப்பா' என்றுவிட்டார். காற்றுக் கதவை மூடி, எண்ணெயைத் திறந்தார். பத்து விநாடி. யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே கன்னங்கரேல் என்று ஒரு தூண் எழுந்து மலைச்சரிவில் சாய்ந்தது. குழுவினர் ஆரவாரம் செய்தார்கள். ஒருவர் ஆனந்தத்தில் தொப்பியையே தூக்கி எறிந்தார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நின்ற இடத்தில் உறைந்துவிடும் புகைப்படத்தில் ஓட்டத்தைக் காட்டுவது எப்படி? சக்கரம் சுழல்வது தெரியாது, சத்தம் கேட்காது. சாய்ந்து பறக்கும் புகை ஒன்றுதான் 'இது உயிரோடு இருக்கிறது' என்று சொல்லும். சுத்தமாக எரியும் எஞ்சின் படத்தில் செத்த எஞ்சின் போலத்தான் தெரியும். அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. என் தந்தையின் முகமும் புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலையாக இருந்தது.

ஆரவாரத்தில் சேராத ஒருவர் அங்கே இருந்தார். எழுபதைத் தாண்டிய முதியவர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அவர் நேரே எஞ்சினருகே வந்து, மேலே நோக்கி என் தந்தையிடம் ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்: "அந்தப் புகையைப் போட உங்களுக்குப் பிடிக்கவில்லை அல்லவா? எனக்கும் பிடிக்காது. நானும் பயர்மேன்தான்."

அவர் வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சிறு ரயிலில் அடுப்புப் பார்ப்பவர். அந்த ரயிலின் கதை கேட்கத் தகுந்தது. மலையிலிருந்து சிலேட்டுக் கல்லைக் கொண்டுவருவதற்காக 1865இல் போடப்பட்ட பாதை. தண்டவாள இடைவெளி வெறும் 686 மில்லிமீட்டர். நீளம் பன்னிரண்டு கிலோமீட்டர் கூட இல்லை. கல் வேலை நின்றது. பாதையைக் கைவிடாமல் வைத்திருந்த உரிமையாளர் சர் ஹெய்டன் ஜோன்ஸ் 1950இல் காலமானார். அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவரைப் போன்ற ஆர்வலர் சிலரும் அதே ஆண்டு பர்மிங்காம் நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் வண்டியைத் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். ஆர்வலர்கள் கையில் எடுத்து மீட்ட முதல் ரயில் பாதை உலகில் அதுவே. சொந்தமாக இருந்த எஞ்சின் இரண்டு. அவற்றில் அப்போது ஓடும் நிலையில் இருந்தது ஒன்று. பக்கத்தில் மூடிப்போன வேறொரு ரயிலிலிருந்து தலைக்கு 25 பவுன் வீதம் இரண்டு எஞ்சின்களை வாங்கினார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் 'தாமஸ்' எஞ்சினைப் படைத்த பாதிரியார் ஆட்ரியும் அங்கே தொண்டராக வேலை செய்தவர்தான்.

இன்றும் அங்கே சம்பளத்துக்கு இருப்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் தொண்டர்கள். ஆண்டுக்கொரு முறை ஓட்டப் பந்தயம் ஒன்று நடக்கிறது. மனிதர்கள் வயல் வழியே ஓட, ரயில் அவர்களோடு போட்டி போடுகிறது. 1984இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் ரயில் தோற்பதும் உண்டு என்று ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். அதுபோன்ற ரயில்களில் திருவிழா நாட்களும் உண்டாம். ஷெட்டில் உள்ள எல்லா எஞ்சின்களையும் ஒரே நாளில் மூட்டி, நம் ஊர்த் தேர் போல வெளியே கொண்டுவந்து நிறுத்துவார்கள். வேறு ஊர் எஞ்சின்கள் விருந்தாளியாக வரும். பணம் கட்டினால் ஒரு நாள் எஞ்சினில் ஏறிக் கரி அள்ளிப் போடவும், ரெகுலேட்டரைப் பிடிக்கவும் விடுகிற ரயில்கள்கூட அந்த நாட்டில் இருக்கின்றன.

கேத்தியில் தேநீர் வந்தது. என் தந்தை இறங்கி வந்தார். இருவரும் எதிரெதிரே நின்று குடித்தார்கள். ஆசிரியர் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார்; உட்பக்கத்தில் அடுப்புக் கதவு சுட்ட பழைய தழும்பு. என் தந்தை தன் சட்டைக் கையை மடித்தார். அவருடையது கரி எஞ்சின் காலத்துத் தழும்பு, சற்றுப் பெரியது. 'கொஞ்சமாகப் போடு, அடிக்கடி போடு' என்பது அவர்கள் நாட்டில் பயர்மேனுக்குச் சொல்லும் முதல் பாடமாம். "இங்கயும் அதேதான்னு சொல்லு" என்றார் என் தந்தை. அதன் பிறகு சிறிது நேரம் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கையால் பேசிக்கொண்டார்கள்.

இத்துடன் நான் கட்டுரையை நிறுத்தியிருந்தால் படிப்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் அன்று இரவு வீட்டில் நடந்த பேச்சை நான் எழுதத்தான் வேண்டும்.

"சம்பளம் வாங்காமயா கரி அள்ளுறாரு?" என்று என் தந்தை மறுபடியும் கேட்டார்.

"சம்பளம் வாங்காம மட்டும் இல்லப்பா. சங்கத்துக்குச் சந்தா வேற கட்டுறாராம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "வாத்தியார் வேலை பாத்துட்டு, பென்ஷனும் வாங்கிட்டு, அதுக்கப்பறம் வந்து அள்ளுறாரு. பென்ஷன் இருக்கறதாலதான் அள்ளுறாரு."

நான் பேசவில்லை. பேச வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. பட்டம் வாங்கியதும் ரயில்வேத் தேர்வு எழுதி, எப்படியாவது இந்தப் பாதையிலேயே, இந்த எஞ்சின்களோடேயே வேலை பார்க்க வேண்டும் என்பது என் உள்ளத்தில் வெகுநாளாக இருக்கும் ஆசை. முன்பு ஒரு முறை அதைச் சொன்னபோது, "நான் அள்ளினது நீ அள்ளாம இருக்கறதுக்குத்தான்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்லூரியில் சேரும் நாளன்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மண்ணெண்ணெய் தொட்டு, பிறகு சோப்புப் போட்டு, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டு வந்தவர் அவர். அந்தக் கறுப்பு என் நகத்துக்குள் மறுபடியும் வந்து சேர்வதை அவர் எப்படிப் பொறுப்பார்? உலகின் மறுகோடியில் ஓர் ஆசிரியர் விரும்பித் தேடிப் பெறுகிற அழுக்கு, இங்கே ஒரு தகப்பன் மகனிடமிருந்து விலக்க விரும்புகிற அழுக்கு. அழுக்கு ஒன்றுதான்.

மறுநாள் குழு புறப்படும் முன் இதை அந்த ஆசிரியரிடமே கேட்டேன். என் ஆங்கிலம் திக்கித் திணறியது. அவர் பொறுமையாகக் கேட்டார். "உன் அப்பா சொல்வது சரி" என்றார். "மழை பெய்தால் நான் அன்றைக்குப் போகாமல் இருந்துவிடலாம். முதுகு வலித்தால் டிக்கெட் கிழிக்கப் போகலாம். அவரால் முடியாது. தினமும் வயிற்றுக்காக அதைச் செய்ய வேண்டும் என்றால் நான் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டேன்." சிறிது நிறுத்திவிட்டு, "ஆனால் அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. பல்சட்டம் ஏறும் எஞ்சினில் நான் ஒரு நாளும் அடுப்புப் பார்த்ததில்லை. அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம்மிடையேயும் ஆர்வலர்கள் உண்டு. அக்டோபர் 15ஆம் நாள், உதகைக்கு முதல் வண்டி வந்த தினத்தை, நிலையத்தில் பயணிகளுக்கு இனிப்பு வழங்கிக் கொண்டாடுகிறார்கள். ஆனால் வளைவில் நின்று எஞ்சினின் எண்ணைச் சொல்லும் இளைஞர் நம் கல்லூரியில் எத்தனை பேர்? கட்டிப்பிடித்துச் செல்ஃபி எடுக்கிறோம், எண்ணைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டார் எழுதிய புத்தகங்களில் எஞ்சின் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, சக்கரத்தின் விட்டம் இருக்கிறது. முன்பெட்டியில் நின்று பனியில் கொடி பிடித்தவனின் கை எப்படி மரத்தது என்பது இல்லை. இறங்கும்போது எந்த வளைவில் பிரேக்கை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது இல்லை. அதெல்லாம் குன்னூர் ஷெட்டில் இருக்கும் சிலரின் கையிலும் காதிலும் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறுகிறபோது அதுவும் கூடவே வீட்டுக்குப் போய்விடுகிறது. சோதனைக்கூடத்தில் ஓர் ஊசலின் அலைவு நேரத்தைப் பத்து முறை அளந்து எழுதுகிற நான், என் வீட்டுத் திண்ணையில் இருக்கும் அறிவை ஒரு முறைகூட எழுதியதில்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தந்தையிடம் ஒரு கேள்வி கேட்பேன். சில நாள் தூக்கம் வருகிறது என்பார். சில நாள் ஒரு மணி நேரம் பேசுவார். ரன்னிமேடு வரும்போது காதை வைத்தே அழுத்தத்தைச் சொல்வது எப்படி, ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கும் முன் கால் பலகையில் தெரியும் நடுக்கம் எத்தகையது என்றெல்லாம் இதுவரை நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்து வேலை விஷயத்தில் அவர் மனம் மாறிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். "எழுதறதுக்குப் படிச்சவன் வேணும், எழுது. அள்ளறதுக்கு வேண்டாம்" என்பதே இன்றும் அவர் தீர்ப்பு. என் ஆசையும் அப்படியே இருக்கிறது. தேர்வுக்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. மின்னஞ்சல் அல்ல, தபால்காரர் கொண்டுவந்த உண்மையான கடிதம். என் பெயருக்கு அல்ல, என் தந்தையின் பெயருக்கு. உறையின் மேல், பெயருக்குப் பக்கத்தில், 'பயர்மேன்' என்று எழுதியிருந்தது. உள்ளே புகைப்படம் எதுவும் இல்லை, ஒரே ஒரு கேள்வி. சமதளத்திலிருந்து செங்குத்து ஏற்றத்துக்கு எஞ்சின் மாறும்போது கொதிகலனும் சாய்கிறது. உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. கேஜ் கிளாசில் தெரியும் மட்டம் அப்போது உண்மையான மட்டம் அன்று. அடுப்பின் மேல்தகடு தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடாமலிருக்கக் கல்லாற்றிலேயே எவ்வளவு தண்ணீர் ஏற்றி வைத்துக்கொள்வீர்கள்?

என் தந்தை கடிதத்தை என் கையில் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, அதன் பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்தேன். மூன்று பக்கம் வந்தது. கேஜ் கிளாஸ் படம் ஒன்றைப் பென்சிலால் அவரே போட்டார். ஏற்றத்துக்கு ஒரு கோடு, இறக்கத்துக்கு ஒரு கோடு. பனிப் பருவத்தில் ஒரு கணக்கு, மழையில் வேறு கணக்கு என்பதையும் சேர்க்கச் சொன்னார். 'இன்ஜெக்டர் முனகுவதற்குச் சற்று முன்' என்று அவர் சொன்ன இடத்துக்கு மட்டும் என்னிடம் ஆங்கிலம் இல்லை. 'முனகல்' என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டேன். உறையை ஒட்டப்போகும்போது தடுத்து, இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னார்:

"அங்க மழையில தண்டவாளத்துக்கு மணல் போடுவாங்களா, எந்த மணல், ஆத்து மணலா கடல் மணலான்னு கேளு."